மூன்றாம் பக்கத்தில் இருந்த வரி

பிப்ரவரி 5, திங்கள்

கை பரபரக்கிறது. எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

இன்று காலை முதலாளி குழந்தைவேல் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தினால் ஒன்று திட்டு, இல்லாவிட்டால் நல்ல செய்தி. இன்று நல்ல செய்தி. மலேசியாவில் ஈப்போ பக்கம் ஏழு கடை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் நம் பூவிழி வெட்கிரைண்டரை ஆயிரத்து இருநூறு கேட்கிறதாம். டிசம்பரில் மாதிரிக்கு அனுப்பிய ஐம்பதும் விற்றுவிட்டதாம். இந்த மாதமே அவர்கள் ஆள் ஒருவர் கோயம்புத்தூருக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாராம். கேட்ட பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ரைட்டர், இது மட்டும் முடிஞ்சுதுன்னா உங்களுக்குத் தனி ரூமு. ஏசி போட்டுத் தர்றேன். மக்கள் தொடர்பு மேலாளர்னு கதவுல போர்டு," என்றார்.

இருபத்து நான்கு வருடமாக இந்தக் கம்பெனியின் கடிதம், நோட்டீஸ், வாழ்த்து மடல் எல்லாம் என் கையால் போகிறவை. அந்த ஐம்பது கிரைண்டரோடு போன விளக்கத்தாளும் நான் எழுதியதுதான். நான்கு பக்கம். முதல் பக்கம் முழுக்க முதலாளியின் தகப்பனார் புகழ். இரண்டாம் பக்கம் கல்லின் பெருமை. இயக்கும் முறையை மூன்றாம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் முடித்திருக்கிறேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன், பிற்காலத்தில் உதவும்:

"செம்மாந்த கல்லின் மடியில் ஊறிய உளுந்தெனும் வெண்முத்துக்களை இட்டு, மின்னெனும் ஆற்றலை உவந்தளிக்க, வெண்ணெய் நிகர் மாவு விளையும் விந்தை காண்பீர்."

கிரைண்டருக்கு இப்படி எழுத இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. தபாலில் படித்த எம்.ஏ. என்றாலும் எம்.ஏ. எம்.ஏ. தான்.

வீட்டில் வசந்தாமணியிடம் சொன்னேன். "ஏசி ரூமு சரிங்க, நம்மூட்டு மேல்தொட்டில தண்ணி ஒழுகுதே, அதுக்கு ஆளச் சொன்னீங்களா?" என்றாள். என் மனைவிக்கு எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

பிப்ரவரி 7, புதன்

ஈப்போவிலிருந்து முதல் கடிதம். மின்னஞ்சலில் வந்தது. பாக்கியவதி என்று ஒரு அம்மா. நம் கிரைண்டரில் அரைத்த மாவில் மண் இருந்ததாம், இட்லியைக் கடித்ததில் கடைவாய்ப் பல் முனை உடைந்ததாம். ஒரே ஒரு தடவை அரைத்ததோடு கிரைண்டரை மூலையில் தள்ளிவிட்டாராம்.

கம்பெனியின் பெயர் என் பேனாவில் இருக்கிறது. உடனே பதில் எழுதினேன். முதலாளி படிக்காமலே கையெழுத்துப் போட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

"பேரன்புடையீர், வணக்கம். தங்கள் பொன்னான மடல் கிடைக்கப்பெற்றுப் பேருவகை எய்தினோம். அறிந்தோ அறியாமலோ எம்மால் நேர்ந்த பிழைகளைத் தாயுள்ளத்தோடு பொறுத்தருள்க. எமது கல் உறுதிக்கும் பொறுமைக்கும் பெயர் பெற்றது. தங்கள் இல்லத்தில் என்றும் இனிமை பொங்குக."

சாயங்காலம் வசந்தாமணிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"பல்லு ஒடஞ்சுதுன்னு எழுதுனவீங்களுக்குப் பேருவகையுங்களா?"

"கடிதம் கிடைத்ததற்கு உவகை. பல் உடைந்ததற்கு இல்லை."

"அவீங்களுக்கு அது தெரியோணுமல்லங்க?"

கடிதம் என்றால் தொடக்கம் ஒன்று இருக்கிறது. எடுத்தவுடன் பல்லைப் பற்றிப் பேசினால் நன்றாகவா இருக்கும்?

பிப்ரவரி 8, வியாழன்

மேலும் மூன்று கடிதங்கள். மூவருக்கும் உவகையோடு பதில் அனுப்பினேன். தண்ணீர்த் தொட்டிக்காரர் வரவில்லை.

பிப்ரவரி 10, சனி

பதினொன்று ஆகிவிட்டது. எல்லோரும் ஒரே பாட்டு: மாவில் மண்.

முதலாளி கொதித்துப்போய்க் கொட்டகைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். நம் கிரைண்டரின் பெருமையே கையால் கொத்திய கல். கல்லின் முகத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, கழுவி, பெட்டிக்கு அனுப்புகிறவர் மயிலாத்தாள். பத்தொன்பது வருடமாக அந்த மூலையில் உட்கார்ந்து கொத்துகிறார். ஈப்போவுக்குப் போன ஐம்பது கல்லும் அவர் கை பட்டதுதான்.

"ஏம் மயிலா, கல்லு உதுருதாம். என்ன கொத்துனே?"

"கல்லு உதுராதுங்க. என்ற கல்லு உதுராதுங்க," என்றார் மயிலாத்தாள். உளியைக் கீழே வைக்கவில்லை.

"ஆயிரத்து எறநூறு கெரண்டரு நிக்குது. திங்கக்கெழம எனக்கு எழுத்துல வெளக்கம் வேணும். இல்லீன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

முதலாளி போன பிறகு மயிலாத்தாள் என்னிடம் வந்தார். "ரைட்டருங், எனக்கு வாசிக்கத்தான் ஒரு மாதிரி வரும், எழுத வராதுங். நீங்க எழுதித் தாங்க. கல்லு உதுருதுன்னு பேரு வாங்கிட்டு வெளிய போனா இந்தக் கணபதி ஏரியாவுல ஒரு கம்பெனிக்காரன் என்னையச் சேத்திக்க மாட்டானுங்," என்றார்.

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், நல்ல விண்ணப்பம் ஒன்று எழுதி நாளாயிற்று என்ற குஷியும் கூடவே வந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

விண்ணப்பம் தயார். மூன்று பக்கம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. இரண்டு தடவை கிழித்துப் போட்டு மூன்றாம் தடவைதான் மனசுக்குப் பிடித்தது.

மயிலாத்தாள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கல்லுல தப்பில்லீங். ரெண்டு ஈடு ஆட்டிக் கொட்டுனாங்களான்னு அவீங்களைக் கேளுங்."

அவர் சொல்வது நியாயம்தான். புதுக் கல்லில் கொத்திய தூள் உள்ளே இருக்கும். பச்சரிசியை ஊறப்போட்டு இரண்டு முறை ஆட்டி, அந்த மாவைக் கொட்டிவிட்டு, மூன்றாம் முறைதான் சமையலுக்கு ஆட்டவேண்டும். கல் பழக்குவது என்போம். கோயம்புத்தூரில் இது தெரியாதவர் உண்டா? யார் வீட்டுக்குப் புதுக் கிரைண்டர் வந்தாலும் அந்த வீட்டு அம்மா முதலில் பச்சரிசியை ஊறவைத்துவிட்டுத்தான் பெட்டியையே பிரிப்பார். ஈப்போவிலும் தமிழர்கள்தானே இருக்கிறார்கள்? விளக்கத்தாளில் அதைப் போய் எழுதுவதா? சாப்பிடும் முன் வாயைத் திறக்கவும் என்று யாராவது எழுதுவார்களா?

அதனால் மயிலாத்தாள் சொன்னதை மொட்டையாக வைக்காமல், நாகரிகமாக மூன்றாம் பக்கத்தில் வைத்தேன். தொடக்கம் இப்படி: "தெய்வத்திற்கு நிகரான முதலாளி அவர்களின் திருவடிகளுக்கு, அறிந்தோ அறியாமலோ அடியேன் இழைத்த பிழைகள் யாவற்றையும் பொறுத்தருள வேண்டிக் கண்ணீரால் எழுதும் விண்ணப்பம்."

"மூணு பக்கமுங்களா? என்னங் எழுதியிருக்கறீங்க?" என்று கேட்டார்.

"எல்லாம் முறைக்கு எழுதுவதுதான் அம்மா. நீங்கள் சொன்னதும் உள்ளே இருக்கிறது."

தாளைப் புரட்டிப் பார்த்தார். சைரன் ஊதிவிட்டது. படிக்க நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினார்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இரண்டு செய்திகள்.

பெரிய செய்தியை முதலில் எழுதுகிறேன். பாக்கியவதி அம்மாளுக்கு நான் எழுதிய கடிதத்தை அவர் படம் பிடித்து முகநூலில் போட்டிருக்கிறார். நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள். நாலாயிரம் பேர். கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள். இருபத்து நான்கு வருடத்தில் என் எழுத்தை இத்தனை பேர் ஒரே நாளில் படித்தது கிடையாது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கே போய்விட்டேன்.

வசந்தாமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒன்றை மட்டும் சத்தமாகப் படித்தாள். "'பல்லு போனதுக்குப் பேருவகை அடையுற கம்பெனி, கிரைண்டர் மட்டும் ஒழுங்கா இருக்குமா'ன்னு ஒருத்தர் கேட்டிருக்கறாருங்க."

"அவருக்குத் தமிழ் மரபு தெரியவில்லை."

"இதுக்கு ஐந்நூறு பேரு ஆமாம் போட்டிருக்கறாங்க," என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விட்டாள்.

இன்னொரு செய்தி: மயிலாத்தாளை அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி என்னிடம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக் காட்டினார். "பாத்தீங்களா ரைட்டர், அவளே எழுதிக் குடுத்துட்டா. இழைத்த பிழைகள்னு போட்டிருக்குது. கண்ணீருன்னு வேற போட்டிருக்குது. தப்புப் பண்ணாத்தவ எதுக்கு அழுவறா?"

"மூன்றாம் பக்கம் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

"மொதப் பக்கத்துலயே ஒத்துக்கிட்டா, மூணாவது எதுக்கு?"

முதலாளி அவசரக்காரர். எதையும் முழுக்கப் படிக்கிற பழக்கம் கிடையாது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 15, வியாழன்

மதியம் டீ நேரத்தில் மயிலாத்தாள் என் மேசைக்கு வந்தார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை.

"ரைட்டருங், நான் சொன்னத எங்கீங் எழுதுனீங்க? ஒருக்கா காட்டுங்க."

நகலை எடுத்தேன். மூன்றாம் பக்கம். முதலில் கண்ணில் படவில்லை. மேலிருந்து மறுபடி படித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். டீக்காரர் டம்ளர் எடுத்துப் போகும் வரை தேடி, நடுப்பத்தியில் கண்டுபிடித்து வாசித்தேன்:

"எனினும், புதுக்கல்லின் இயல்பை உணர்ந்தோர் முதலிரு ஈடுகளைத் துறத்தல் மரபன்றோ எனும் ஐயமும் எளியேன் உள்ளத்தில் எழாமலில்லை."

"இதுங்களா நான் சொன்னது?"

"இதேதான். கொஞ்சம் அழகாக இருக்கிறது."

"எனக்கே புரியலீங்களே," என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். வேலை போகப்போகிற ஆள் இப்படி அமைதியாகப் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. நாலு வார்த்தை கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

பிப்ரவரி 16, வெள்ளி

தலைவலி. எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

ஈப்போ ஆள் புதன்கிழமை வருகிறார். தர்ஷினி என்று பெயர். கம்பெனி முழுக்க வெள்ளை அடிக்கிறார்கள். வாசலில் வாழை மரம் கட்டுவதா வேண்டாமா என்று அரை நாள் பேச்சு. முதலாளி இரண்டு சட்டை கொண்டுவந்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார். நான் வரவேற்புரை எழுதியிருக்கிறேன், பதினைந்து நிமிடம் வரும். தண்ணீர்த் தொட்டி அடைத்தாயிற்று. எல்லாம் கூடி வருகிறது.

பிப்ரவரி 21, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

தர்ஷினி முப்பது வயதுப் பெண். காலில் ஷூ, தோளில் ஒரு பை. வரவேற்புரையில் நான் இரண்டாம் வரியில் இருந்தபோதே கையை உயர்த்தி, "அங்கிள், மன்னிச்சிருங்க, டைம் இல்ல. வேலைய ஆரம்பிக்கலாமா?" என்றார். பதினைந்து நிமிட உரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பிறகு அவர் செய்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. குடோனுக்குப் போய்த் தன் கையாலேயே ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். அதைக் கொட்டகை நடுவில் மேசையில் வைக்கச் சொன்னார். ஊறவைத்த உளுந்து ஒரு கிண்ணம் கேட்டார். முப்பது பேரும் சுற்றி நின்றோம்.

"எனக்கு கிரைண்டர் தெரியாது. எங்க வீட்டுல பிளண்டர்தான். எங்க கஸ்டமர் முக்காவாசிப் பேரு என்ன மாதிரிதான். அதனால பெட்டியில என்ன தாள் இருக்கோ, அதப் படிச்சு நானே செய்யப் போறேன். யாரும் ஒன்னும் சொல்லக் கூடாதுலா," என்று அவர்கள் ஊர் 'லா'வோடு முடித்தார்.

என் விளக்கத்தாளை எடுத்து உரக்கப் படித்தார். தமிழ்ப் பள்ளியில் படித்த பெண். நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் படித்தார். முதல் பக்கம், முதலாளியின் தகப்பனார் புகழ். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாம் பக்கம், கல்லின் பெருமை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்தவர் வாயால் நம் எழுத்தைக் கேட்பது தனி சுகம். மூன்றாம் பக்கத்தில் "ஊறிய உளுந்தெனும் வெண்முத்துக்களை இட்டு" என்று படித்து, தாளைக் கீழே வைத்து, கிண்ணத்தைத் தூக்கி உளுந்தை நேராகப் புதுக் கல்லில் கொட்டிவிட்டார்.

பேக்கிங் பிரிவில் ஒரு பெண் "ஐயோ அம்மிணி" என்று அடி எடுத்து வைத்தாள். தர்ஷினி விரலைக் காட்டி நிறுத்தினார். சுவிட்சைப் போட்டார். கல் சுற்றுகிறது, நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பழக்காத கல்லில் உளுந்து போட்டு ஒருவர் ஆட்டுவதை என் ஆயுளில் இன்றுதான் பார்த்தேன்.

மாவை எடுத்து இரண்டு விரலில் வைத்துத் தேய்த்தார். பிறகு முதலாளியின் கையில் வைத்தார். முதலாளி தேய்த்தார். எனக்கும் நீட்டினார்கள். நறநறவென்று இருந்தது.

"எங்க பதினோரு கஸ்டமரும் இதத்தான் சொன்னாங்க," என்றார் தர்ஷினி.

முதலாளி பதறிப்போனார். "கல்லு கொத்துனவளை நிறுத்தியாச்சுங்க அம்மிணி. அவளே தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டா. ரைட்டர், அந்த லெட்டரக் கொண்டாங்க."

கொண்டுவந்தேன். தர்ஷினி மூன்று பக்கத்தையும் நின்றபடியே படித்தார். என் வாழ்க்கையில் நான் எழுதிய கடிதம் ஒன்றை ஒருவர் கடைசிப் பக்கம் வரை படித்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. மூன்றாம் பக்கம் நடுவில் அவர் கண் நின்றது. மறுபடி அந்த வரியைப் படித்தார்.

"முதலிரு ஈடுகளைத் துறத்தல்னா என்னா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து மயிலாத்தாள் குரல் வந்தது. "ரெண்டு தடவ பச்சரிசி ஆட்டிக் கொட்டோணுமுங். அப்பறந்தானுங் உளுந்து."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

முப்பது தலையும் ஆடின.

"தாள்ல ஏன் இல்ல?"

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் விளக்கினேன். "விளக்கத்தாள் அச்சாகும்போது அந்தப் பகுதி விடுபட்டுவிட்டது போலிருக்கிறது" என்றேன்.

மயிலாத்தாள் என்னைப் பார்க்கவே இல்லை. அதே கிரைண்டரின் கல்லைக் கழுவி, ஊறவைத்த பச்சரிசியை ஆட்டிக் கொட்டினார், மறுபடி ஆட்டிக் கொட்டினார். மூன்றாவதாக உளுந்து. தர்ஷினி மாவைத் தேய்த்துப் பார்த்தார். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"அங்கிள், நாளைக்குள்ள புதுத் தாள் வேணும். ஒரு பக்கம்தான். அந்த அம்மா சொல்லட்டும், நீங்க எழுதுங்க."

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் கொட்டகையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மயிலாத்தாள் சொன்னார், நான் எழுதினேன்.

"பெட்டியத் தொறந்து கல்லக் கழுவுங்க. ஒரு டம்ளர் பச்சரிசி ரெண்டு மணி நேரம் ஊறட்டும். அத ஆட்டிக் கொட்டீருங்க, திங்காதீங்க. மறுக்காவும் அப்புடியே. மூணாவது உளுந்து போடுங்க."

"'கொட்டிவிடுங்கள்' என்பதற்கு முன் ஒரு அடைமொழி போடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்?"

யோசித்துப் பார்த்தேன். எழுத்துத் தமிழில் மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன். எட்டு வரி. தகப்பனார் புகழ் இல்லை, வெண்முத்து இல்லை. கை துறுதுறுத்தது, ஆனாலும் சேர்க்கவில்லை.

தர்ஷினி அதைப் படம் எடுத்து ஈப்போவில் பாக்கியவதி அம்மாளுக்கு அனுப்பினார். ஆமாம், பல் உடைந்த அதே அம்மாள். அவர் முதலில் முடியவே முடியாது என்றாராம். தர்ஷினி கெஞ்சியதில் மூலையில் கிடந்த கிரைண்டரை மறுபடி எடுத்தார். பிற்பகல் மூன்று மணிக்கு வீடியோவில் வந்தார். கொட்டகையில் எல்லோரும் கைப்பேசியைச் சுற்றி முண்டியடித்து நின்றோம். இரண்டு ஈடு கொட்டியாயிற்று, மூன்றாவது ஓடுகிறது. முதலாளி என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார், இன்னும் வலிக்கிறது.

அந்த அம்மாள் மாவை எடுத்து விரலில் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். "மண்ணு இல்ல. நல்லா சாஃப்டா இருக்கு," என்றார். பிறகு, "அந்தப் பேருவகைக்காரரு இருக்காரா அங்க?" என்று கேட்டார். கொட்டகையே சிரித்தது. நான் பேக்கிங் அட்டைகளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அந்தச் சிரித்த முகங்களின் அர்த்தமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆர்டர் உறுதி. ஆயிரத்து இருநூறும். தர்ஷினி கையெழுத்துப் போட்டார். முதலாளி லட்டு வாங்கிவரச் சொன்னார். மயிலாத்தாளைக் கூப்பிட்டு, "நீ எங்கயும் போவ வேண்டாம்," என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிப்ரவரி 28, புதன்

மயிலாத்தாளை நிறுத்திய உத்தரவு ஃபைலில் இருக்கிறது, அதை ரத்து செய்யவேண்டும். முதலாளி சொல்லச் சொல்ல எழுதினேன்: "கல் கொத்தும் பிரிவைச் சேர்ந்த மயிலாத்தாள் அவர்களின் தவறை மன்னித்து, மார்ச் முதல் தேதியிலிருந்து பணியில் தொடர நிர்வாகம் இசைகிறது."

"தவறு என்று போட வேண்டுமா?" என்று கேட்டேன்.

"பின்ன, நிறுத்துனது என் தப்பாயிருமல்ல? ஒரு மொறைக்குப் போடுங்க ரைட்டர். உங்க ரூமுக்கு ஏசிக்காரன் நாளைக்கு அளவெடுக்க வர்றான்."

முதலாளி சொன்னதை எழுதுவதுதான் என் வேலை. எழுதினேன். வசந்தாமணியிடம் காட்டவில்லை. "ஏனுங்க, ஒரு மாதிரி இருக்கறீங்க?" என்றாள். வெயில் என்றேன்.

பிப்ரவரி 29, வியாழன்

ஏசிக்காரர் அளவெடுத்துப் போனார்.

மார்ச் 1, வெள்ளி

காலை எட்டரை. வாசலில் ஈப்போவுக்கு முதல் லாரி ஏறிக்கொண்டிருந்தது. முதலாளி கேட் அருகிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார், மயிலாத்தாள் வந்ததும் தாளை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போ மயிலா."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறனுங்," என்றார்.

விரலை எழுத்தின் கீழ் வைத்து, வாய்க்குள்ளேயே கூட்டிக் கூட்டிப் படித்தார். பின்னால் வேலைக்கு வந்தவர்கள் வரிசை நின்றுவிட்டது. சைரன் ஊதியது. அவர் நிமிரவில்லை. லாரிக்காரர்கள்கூடப் பெட்டி தூக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தவறை மன்னித்துன்னு இருக்குதுங்களே. எந்தத் தவறுங்?"

"அது சும்மா ஒரு மொறைக்கு."

"போன தடவையும் மொறைக்குன்னுதானுங் ரைட்டரு சொன்னாரு," என்றார் மயிலாத்தாள். சத்தமாகச் சொல்லவில்லை. "அதுலதானுங் எனக்கு வேல போச்சு. தப்பே பண்ணாத்துக்கு மன்னிப்பு வேண்டாமுங். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்." தாளை மேசையில் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பினார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பயமும் வேகமும் ஒன்றாக வந்தது கிடையாது. "நில்லுங்க அம்மா" என்றேன். மேசைக்குப் போய் அந்தத் தாளை எடுத்து, முதலாளியின் எதிரிலேயே அந்த வரியை அடித்தேன்.

"ரைட்டர், என்ன பண்றீங்க?"

அடித்ததன் கீழே எழுதினேன். எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளியிடம் நீட்டினேன். படித்தார். முகம் சிவந்தது. லாரியைப் பார்த்தார், மயிலாத்தாளைப் பார்த்தார், வரிசையில் நின்ற முப்பது பேரையும் பார்த்தார். "ஏசிக்காரனை வர வேண்டாம்னு சொல்லீருங்க," என்றார் என்னிடம். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மயிலாத்தாள் திரும்பி வந்து தாளை வாங்கினார். மறுபடி விரலை வைத்தார். இந்த முறை எல்லோருக்கும் கேட்கும்படி, கூட்டிக் கூட்டி வாசித்தார்.

"கல்லில் தவறில்லை. மயிலாத்தாளிடமும் தவறில்லை. கல்லைப் பழக்கும் முறையை விளக்கத்தாளில் எழுதாதது தவறு. அதை எழுதாமல் விட்டவர், மயிலாத்தாளின் விண்ணப்பத்தைக் கெடுத்தவர், திருமூர்த்தி."

விரல் அந்தப் பெயரின் கீழ் நின்றது. யார் என்று கேட்கப் போவதுபோல் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களா?"

"நான்தானுங்க," என்றேன்.

"பத்தொம்பது வருசமா உங்க பேரு எனக்குத் தெரியாதுங்க," என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.